கொண்டைக்குருவிக்குக் காவல்

நகர்ந்தால் போச்சு.

அவள் நிழலுக்குள் கொண்டைக்குருவிக் குஞ்சு ஒன்று உட்கார்ந்திருந்தது. வால்கூடச் சரியாக முளைக்கவில்லை. அதற்குள் கூட்டைவிட்டுக் குதித்தாயிற்று, பெரிய சூரப்புலி.

பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி.

தொட்டிமேல் வல்லூறு.

நேற்று இதன் கூடப்பிறந்ததைத் தூக்கிப் போனது அதுதான். அவள் கண்ணெதிரே. ஈரத்துணியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராத்திரி சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு விடமாட்டாள்.

எடுத்து மருதாணிச் செடிக்குள் வைத்துவிடலாம்தான். ஆனால் மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே இது கத்த, வெளியே தாய் கத்த, மனசு கேட்காமல் எடுத்துவிட்டாள். கடைசியில் தானே வந்து நின்றுகொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி முழுக்க வெயில். துவைக்கிற கல்லில் கை வைக்க முடியாது.

தாய்க்குருவி புழுவோடு வந்தது. அவள் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்று ஊட்டிவிட்டுப் போனது. அடேயப்பா, என்ன தைரியம்! அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

ஆனால் நிற்கக் கூடாத நாளாகப் பார்த்து நிற்கிறாள். பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

மகள் தமயந்திக்குப் பையனைப் பிடித்துப்போய், இரண்டு மாதமாகப் போனும் காதுமாக இருக்கிறாள். புருஷன் சென்னியப்பனுக்கும் சம்மதம். இழுத்துக்கொண்டிருப்பது இவள் ஒருத்திதான். பையனின் அம்மா சுலோச்சனா பயங்கரக் கறார் என்று கோபி ஊர் முழுக்கப் பேச்சு. டம்ளர் இடம் மாறினால் முகம் மாறுமாம். தமயந்தியோ குளித்த துண்டைக் கட்டிலிலேயே போடுகிறவள். அங்கே போய் என்ன பாடு படுமோ?

இன்றைக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

வாசலில் கார் நின்றது.

வல்லூறு தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவளும் பார்த்தாள்.

சென்னியப்பன் எட்டிப்பார்த்தார். "ஏம்புள்ள, அவீங்க வந்து உக்காந்தாச்சு. வெயில்ல நின்னுட்டு என்ன பண்ற?"

கண்ணால் தொட்டியைக் காட்டினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சம்பந்தம் பேச வந்தவர்களை வாசலில் நின்று வாங்க என்று கூப்பிடாத வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அதிலும் அந்தக் கறார் அம்மாவுக்கு இது ஒன்று போதாதா? மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு காலை எடுத்தாள்.

நிழல் நகர்ந்தது. குஞ்சின்மேல் வெயில் பட்டது. தொட்டிமேல் இறக்கை லேசாக விரிந்தது.

காலைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டாள்.

பின்னால் பட்டுப்புடவைச் சரசரப்பு. திரும்பாமலே தெரிந்தது, சுலோச்சனாதான். செத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தம்மா நிழலைப் பார்த்தாள். குஞ்சைப் பார்த்தாள். நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தாள். கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு வந்து ஒட்டி நின்றாள். அரக்குப் பட்டு முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"மெதுவா நவுருங்க. நீங்க போயி காப்பி வைங்க, நான் நிக்கறனுங்."

நகர்ந்தாள்.

அடுப்பில் பாலை வைத்தாள். கண் மட்டும் ஜன்னலில் இருந்தது.

கூடத்தில் ஆண்கள் எதற்கோ வெடித்துச் சிரித்தார்கள். வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது: "கொஞ்சம் மெதுவாச் சிரிக்கறதுங்!"

வீடே கப்சிப்.

கறார்தான். ஊர் சொன்னதில் தப்பில்லை.

அப்போதுதான் தொட்டிமேல் இருந்த வல்லூறு இறங்கியது. நேராக, தாழ, சத்தமே இல்லாமல். ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்தாள்.

சுலோச்சனா ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. குஞ்சின்மேல் குனிந்துகொண்டு, வளையல் குலுங்க ஒரு கையை வீசினாள். "ஏய்! போ அந்தப்பக்கம்!"

வல்லூறு கறிவேப்பிலைக் கிளையை உரசிக்கொண்டு திரும்பியது. போய் மறுபடியும் தொட்டிமேல் உட்கார்ந்தது.

அந்தம்மா முந்தானையை மறுபடி விரித்துப் பிடித்தாள். முந்தானைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி. ஒண்ணுமில்ல. நான் இருக்கறனல்ல."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததை அவள் பார்க்கவேயில்லை.

மிச்சமிருந்த பாலில் காப்பி கலந்தாள். கூடத்தில் இருப்பவர்கள் காத்திருக்கட்டும். முதல் டம்ளரோடு பொடக்காலிக்கு வந்தாள்.

சுலோச்சனா ஒரு கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். கண்ணை மேலேயிருந்து எடுக்கவில்லை.

"சக்கர கம்மியாத்தான போட்டீங்க?"

"குடிச்சுப் பாருங்க சம்பந்தி."

அந்த வார்த்தைக்கு அந்தம்மா கண்ணை எடுத்துவிட்டாள். வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு இவள் முகத்தையே பார்த்தாள்.

இவள் சட்டென்று தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். யாராவது ஒருத்தி பார்க்க வேண்டுமே.