ஐந்தாவது ட்ராக்

எட்டுப் பெண்கள் பாடிய கோரஸ் ஃபைல்களை ஒலிப்பதிவாளன் ஜெரோம் ஸ்டுடியோ கணினியில் மொத்தமாக இழுத்துப் போட்டான். ஒவ்வொரு குரலும் தனி ட்ராக்கில் போய் உட்கார்ந்தது. இசையமைப்பாளர் சொன்னபடி ஐந்தாவதை மட்டும் மியூட் செய்தான். அந்தக் குரல் அடங்கி, திரையில் அதன் பட்டை சாம்பல் நிறமானது.

அதைப் பாடிய பிரமிளா, மாமியாருடன் வந்து நின்றாள். "பாடி என்னத்தக் கிழிக்கிறேன்னு அத்தை கேப்பாங்கண்ணா. ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

இசையமைப்பாளர் பக்கத்திலேயே இருந்தார். ஜெரோம் மியூட்டை எடுக்காமலே பாட்டை ஓடவிட்டான்.

மாமியார் கண்ணை மூடிக் கேட்டாள். "ஏண்டி, உன் குரல் மட்டும் தனியாத் தெரியுதே!"

பிரமிளா திரையைப் பார்த்தாள். சாம்பல் பட்டையில் அவள் பெயர் இருந்தது. ஜெரோம் தலைகுனிந்தான்.

"ஆமா அத்தை," என்றாள். "நான்தான்."