பதில் வரும் வரை

“இத யாருப்பா மாத்துனது?”

எங்கள் உரிமையாளர் லூர்துநாதன் சார் கணினித் திரையைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்.

திண்டிவனத்தில் ஒரு மாடியறையே எங்கள் அலுவலகம். விவசாயிகள் தங்கள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளைக் கைப்பேசி வழியாக ஏலத்துக்குப் பதிவு செய்யும் இணையதளத்தை அங்கிருந்து நடத்தி வந்தோம்.

அறுவடைக் காலம். பதிவுகள் குவிந்ததால் சர்வர் தாமதமாகவே பதில் சொன்னது. அதன் முன்னால் வாயிற்காவலரைப் போல் நிற்கும் ப்ராக்ஸிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ‘இணைப்பு இல்லை’ என்று விவசாயியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே சர்வரோ பதிவை முடித்திருக்கும். விவசாயி மறுபடியும் அழுத்துவார்.

நேற்று அனந்தபுரத்துச் சவுரிராயன் தொலைபேசியில் கத்தினார். “ஏங்க, எங்க மல்லாட்டை உங்க கம்ப்யூட்டருக்குள்ள போய் குட்டி போடுதா? ஒரு லோடு ஏத்துனா மூணு லோடுன்னு காட்டிக்கினு கீது!”

விழுப்புரத்து வியாபாரிகள் விலகத் தொடங்கியிருந்தார்கள். இன்றும் சரியாகாவிட்டால் தளத்தை மூடிவிடுவதென்று சார் முடிவு செய்திருந்தார்.

இன்று காலையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

திரையில் ப்ராக்ஸியின் அமைப்புக் கோப்பு திறந்திருந்தது. சர்வர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் நேரம் குறைக்கப்பட்டிருந்தது. இருக்கிறது என்று தெரிந்த பிறகு பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பல மடங்கு கூட்டப்பட்டிருந்தது.

தற்பெருமையாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும். மாற்றியவள் நான்.

பக்கத்து மேசை டோமினிக் வழக்கம்போல் முந்திக்கொண்டார். “சார், மெர்லின் என்னா சொல்ல வர்றாங்கன்னா...”

அவர் கெட்டவர் அல்லர். எனக்கு உதவுவதாகவே மனமார நம்புகிறவர். நான் கண்டுபிடித்தவற்றை அவர் எடுத்துச் சொல்வார். பாராட்டும் அவரிடமே தங்கிவிடும்.

சார் கையை உயர்த்தினார்.

“நீ கம்முனு இருப்பா. அந்தப் பொண்ணே சொல்லட்டும்.”

கீழே ஒரு லாரி ஒலி எழுப்பிக்கொண்டு கடந்துபோயிற்று. டோமினிக் பேனாவைக் கடித்துக்கொண்டார்.

சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் வாயையும் பார்க்கவில்லை. கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நா... நா... நா...”

பேசத் தொடங்கிய வயதிலிருந்து, இந்த இடம் வந்ததும் யாராவது ஒருவர் எனக்காக முடித்து வைத்துவிடுவார்கள்.

இன்று எவரும் முடிக்கவில்லை.

“நான்தாங்க சார்.”

ஏன் மாற்றினேன் என்பதையும் நானே சொன்னேன்.

சற்று நேரம் பிடித்தது.