காலி இடத்துக்கு ஒரு கேள்வி

பேக்கிங் அண்ணன் டேப்பைக் கிரீச்சென்று இழுப்பதும் விடுவதுமாக வாசலில் நிற்கிறார். மத்தியான வெயில் மேசைமேல் ஏறிவிட்டது. நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் அந்தப் பெட்டியை, அதை உள்ளிருந்து இயக்கும் கெர்னல் என்ற அடிப்படை நிரலை எழுதுகிறவள் முறைத்துக்கொண்டிருக்கிறாள். அணைத்தால் அணையாமல் உறைந்துபோகிறதென்று ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை திரும்பி வந்தது. இங்கே, அவள் முன்னால் மட்டும், நல்ல பிள்ளையாக அணைகிறது. "கேபிளைக் கழட்டுங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு அதோடயா போகப்போகுது?" என்கிறார் அவர். நகம் கடிப்பதை நிறுத்துகிறாள். பிழையைப் பார்ப்பதற்கென்று அவள் செருகிய கேபிள்தான் கருவி செருகும் ஒரு காலி இடத்தை அடைத்துப் பிழையை மறைத்து வைத்திருக்கிறது. பிடுங்கிவிட்டு அணைக்கிறாள். திரை இருள்கிறது, பச்சை விளக்கு மட்டும் போகாமல் நிற்கிறது. உள்ளே, அணைக்கும்போது இணைந்த கருவிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வழியனுப்பும் 'பஸ் டிரைவர்' என்ற நிரல், அந்தக் காலி இடத்திடமும் 'முடிச்சாச்சா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடக்கிறது. ஒரே ஒரு வரி சேர்க்கிறாள்: ஆள் இருந்தால் மட்டும் கேள். அணைக்கிறாள். விளக்கு போகிறது. "ஆச்சா?" டேப் மறுபடி கிரீச்சிடுகிறது. "இருங்கண்ணே, இன்னும் நூறு தடவை பார்க்கணும்." சொல்லும்போதே அவள் கை பழக்கதோஷத்தில் கேபிளை எடுத்துச் செருகப் போகிறது. மறு கையால் அதைப் பட்டென்று அடிக்கிறாள்.