வெட்டுவாய்

மேல்வயல் சிங்காரவேலுவுடையது. கீழ்வயல் அவனுடைய செத்துப்போன அண்ணனின் மனைவி தில்லைக்கண்ணுவுடையது. நடுவில் ஒரே வரப்பு. ஆனியில் ஆற்றுத் தண்ணீர் வந்தபோது அவன் வாய்க்காலை அடைத்துக்கொண்டு குறுவை நட்டான். அவள் வெடித்துக் கிடந்த வயலைப் பார்த்தபடி மழைக்குக் காத்திருந்து, மூன்று நாள் முன்புதான் சம்பா நட்டாள்.

இப்போது ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. அறுப்புக்கு நின்ற கதிரைக் காப்பாற்ற அவன் வரப்பை வெட்டிவிட்டான். வரப்பு நெடுகத் தென்னை மரங்கள்; வேர் ஓடாமல் வெட்ட முடிந்த இடம் அது ஒன்றுதான். தண்ணீர் பாய்ந்து பச்சை நாற்றைப் பிடுங்கிப்போட ஆரம்பித்ததும் தில்லைக்கண்ணு ஓடிவந்து அந்த வெட்டுவாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏய், எந்திரி! தண்ணி போற பாதையில குந்திக்கிட்டு என்னடி அழிச்சாட்டியம்?"

"ஆனி மாசம் இந்தப் பக்கம் பாதையே இல்லன்னியே? இப்ப எங்கேருந்துடா வந்துச்சு?"

"மம்புட்டியால வெட்டிப்புடுவேன்."

"வெட்டு. செத்தாலும் இங்கதான் அடைச்சுக்கிட்டுக் கெடப்பேன்."

தண்ணீர் அவள் மார்புக்கு ஏறியது. அவன் வயலில் சாய்ந்த கதிர்கள் ஒவ்வொன்றாக நனைந்தன. இரண்டு நாள் ஊறினால் கதிரிலேயே நெல் முளைத்துவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அண்ணி," என்றான் அவன். பாகம் பிரித்த நாளிலிருந்து அவன் வாயில் வராத சொல் அது.

அவள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"மழைச் சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

மண்வெட்டி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.