ஆக்ஸிலேட்டரில் ஒரு கால்

"காலை எடுக்காதே. மெதுவா மிதிச்சுக்கிட்டே இரு" என்று காரின் திறந்திருந்த பானட்டுக்குப் பின்னாலிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

அவள் மிதித்தாள். ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

"இப்போ விடு."

விட்டாள். மீட்டர் முள் சரிந்தது, துள்ளி எழுந்தது, மறுபடி சரிந்தது. வண்டி ரெண்டு தடவை இருமிவிட்டு அணைந்துபோனது.

"இன்னொரு தடவை."

ஷெட் வாசலில் அவளுடைய அக்கா, அவள் துணிமணிப் பையோடு நின்றிருந்தாள். தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். ஆறு மணிக்கு பஸ். போனால் திரும்பி வருவதில்லை என்றுதான் அக்கா தங்கை ரெண்டு பேரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். அதை அவனிடமும் சொல்லியாகிவிட்டது. அதற்கு அவன் சொன்ன பதில், "போறதுக்கு முன்னாடி கொஞ்சம் வந்து மிதிச்சுட்டுப் போறியா" என்பதுதான்.

பிறந்த குழந்தை ரெண்டே நாளில் போய் மூன்று மாதம் ஆகிறது.

முதல் மாதம் முழுக்க அவள் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். அப்படிக் கிடந்தவளை ஒருநாள் சாயங்காலம் அவன் கையைப் பிடித்து எழுப்பினான். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

அவன் கார்ப் பேச்சை எடுத்தான். ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஓடும்போது நன்றாகத்தான் ஓடுகிறதாம், மிதிக்காமல் நிறுத்தி வைத்தால் ஐடிலில் ஓடாமல் அணைந்துவிடுகிறதாம். உள்ளே உட்கார்ந்து ஒருத்தர் மிதித்தால்தான் முன்னால் நின்று இன்னொருத்தர் பழுது பார்க்க முடியுமாம்.

அன்றைக்குப் பிடித்தது. ஒருநாள் பிளக்கில் கரி. ஒருநாள் கார்புரேட்டரில் திருகு லூஸ். ஒருநாள் ஏர் ஃபில்டருக்குள் எங்கிருந்தோ வந்த கந்தல் துணி. தெருமுனை மெக்கானிக்கிடம் யோசனை கேட்டு ஒன்றைச் சரி பண்ணினால் மறுநாள் இன்னொன்று. தினமும் ஒரு மணி நேரம் அவள் அந்தச் சீட்டில்.

வாசலில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பெத்த வயிறு இன்னும் ஆறல. அவளை உட்கார வச்சு வேலை வாங்குறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? சக்களத்தியைக்கூட அடிச்சுத் துரத்தலாம். இந்தத் தகர டப்பாவை என்ன பண்றது?"

அவன் ஸ்பேனரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

அவள் மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள். மிதித்தாள். காலை எடுக்கப் போனவள் அப்படியே நிறுத்திக் காதைத் தீட்டினாள்.

"உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா? எஞ்சினுக்குப் பின்னாடி எங்கேயோ காத்து இழுக்குது. நீங்க வந்து மிதிங்க, நான் பார்க்கறேன்."

அவன் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தான். அவள் பானட்டுக்குள் குனிந்தாள். கார்புரேட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். விரல் கனத்தில் ஒரு ரப்பர் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்திச் செருகி, கிளிப்பை மாட்டினாள்.

"காலை எடுங்க."

எடுத்தான். வண்டி அணையவில்லை. தூங்குகிறவன் மூச்சு மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கருப்பேறிய விரலைப் பார்த்துக்கொண்டாள். உதடு லேசாக விரிந்தது. அவன் மீட்டரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நிமிஷமே அவளுக்கு பஸ் ஞாபகம் வந்துவிட்டது. "முடிஞ்சுது. இனிமே நான் தேவையில்லை. அக்கா, கிளம்பலாம்."

"நாளைக்கு வேற ஏதாவது வந்தா?" என்றான்.

"வேற யாரையாவது மிதிக்கச் சொல்லுங்க."

எஞ்சின் சத்தம் கேட்டுத் தெருமுனை மெக்கானிக் கையைத் துடைத்தபடியே வந்தார். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு மாசமா ஒரு வண்டியைச் சரி பண்ணத் துப்பில்லாதவருக்கு எதற்குப் பட்டறை, எதற்குப் போர்டு என்று கேட்டாள். இவர் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் தன் தங்கை இப்படிப் பையைக் கட்டியிருக்க மாட்டாள் என்றாள்.

மெக்கானிக் முகம் சிவந்துபோனது. கணவனைப் பார்த்தார். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவர் அக்கா கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி, இதுக்கு மேல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது" என்றவர் அவள் பக்கம் திரும்பினார்.

"வண்டி நீங்க உட்கார்ந்த முதல் நாளே சரியாயிடுச்சும்மா. மறுநாள் காலையில நான் பட்டறை திறக்கறதுக்கு முன்னாடியே இவர் வந்து நின்னாரு. 'குழந்தை போனதிலிருந்து வாயே திறக்காதவ, நேத்து உள்ளே உட்கார்ந்துக்கிட்டு, உஸ்ஸுனு ஏதோ சத்தம் வருதேன்னு கேட்டா அண்ணே. அவளைப் பேச வைக்க எனக்குத் தெரியல. இன்னிக்கு எதைக் கழட்டி விடலாம், சொல்லிக் குடுங்க'ன்னாரு."