சவர்க்கார நுரை

"ஞாயித்துக்கெழம ஒரு கிளாஸ்தான் குடிக்கிறேன். மூனு நாள்ல கேஸ் எப்பிடி முடியும்? நீ பூட்டின எடத்துலதான் லீக்!" என்று கத்தினார் தனபாலன்.

வீட்டிலேயே தயாரித்த பியரைப் பீப்பாயிலிருந்து வெளியே தள்ளும் கேஸுக்குப் புது சிலிண்டரை மாட்டி, மூட்டுகளில் எல்லாம் இருளப்பன் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்த்தான். கசிவைக் காட்டும் குமிழி ஒன்றுகூட வரவில்லை. பிறகு, பியர் ஊற்றும் குழாயின் கைப்பிடியைத் துணியால் அழுத்தித் துடைத்தான்.

"என் பிழைதாங்க முதலாளி. வாஷர் சரியா உக்காரல. மாத்திட்டேன்."

"வேல தெரியும்னுதானே ஹேவாஹெட்டயில இருந்து ஒன்னக் கூப்பிட்டேன்? வெக்கமா இல்ல?"

"இருக்குங்க."

தலைகுனிந்து வெளியே வந்தவனைச் சாமியறை வாசலில் நிறுத்தினார் தனபாலனின் அப்பா சேதுராமன். வீட்டுக்குள் பியர் வைத்ததற்காக மகனோடு இரண்டு மாதமாகப் பேசாதவர்.

"லீக் இருந்திச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்கய்யா. யாராச்சும் ஊத்தி ஊத்திக் குடிச்சாத்தான் கேஸ் இப்பிடி முடியும்."

"அப்ப ஏன் பழிய ஏத்துக்கிட்ட?"

இருளப்பன் குரலைத் தாழ்த்தினான். "கைப்பிடியில திருநீறு இருந்திச்சுங்கய்யா. தொடச்சிட்டேன்."

சேதுராமன் தன் வெளுத்த விரல்களை வேட்டி மடிப்புக்குள் மெல்ல மறைத்துக்கொண்டார்.