வாங்குறவன் வர்ற இடம்

எம்.பி.ஏ.வுக்கு மும்பையிலும் இடம் கிடைத்து, புனேயிலும் கிடைத்ததில் மீனாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. தோழி பாண்டீஸ்வரி தன் அண்ணனிடம் அழைத்துவந்தாள். "ரெண்டு பக்கமும் பேசி முடிக்கிறதுல எங்கண்ணன மிஞ்ச ஆளில்லடி."

அண்ணன் ஜெயபாண்டி நேராகக் கேட்டார். "படிச்சிட்டு என்ன வேலை பாப்பத்தா?"

"இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்ணே. ஒரு கம்பெனிய இன்னொருத்தர் வாங்குறப்ப நடுவுல நின்னு விலை பேசி முடிக்கணும்."

"முடிஞ்சா கமிஷன், முடியலைன்னா வெறும் அலைச்சல்."

மீனா அசந்துபோனாள். "அதேதாண்ணே."

"எந்தக் காலேஜு பெருசு?"

"புனே."

"ஆள் எடுக்குற பேங்க்காரங்க எங்க அதிகமா வாராங்க?"

"மும்பைக்கு."

"எடம் பெருசா இருந்து என்னத்தா செய்ய? வாங்குறவன் எங்க வாரானோ, அங்க போ."

ஒரு வாரக் குழப்பம் ஒரே நிமிடத்தில் தீர்ந்தது. "நீங்க எந்த பேங்க்லண்ணே இருக்கீங்க?"

வாசலில் வேன்காரர் குரல் கொடுத்தார். "அண்ணே, காளை ரெண்டையும் ஏத்தியாச்சு. சந்தைக்கு நேரமாச்சு."

மாட்டுத் தரகர் ஜெயபாண்டி சிரித்தபடி எழுந்து, தோளில் கிடந்த துண்டை மீனாவிடம் நீட்டினார்.

"பேங்குக்குப் போட்டுப் போற கோட்டு நீயே வாங்கிக்கிருவ. அடுத்தவனுக்குத் தெரியாம விரலப் பிடிச்சு விலை பேசத் துண்டு வேணும்ல, வச்சுக்க."